மாநிற முகத்துக்கு எந்த பேஸ்: காம்பாக்டா, பிபி க்ரீமா, கன்சீலரா, ஃபவுண்டேஷனா?

ரிசப்ஷன் மேடையில் வீடியோ லைட் விழுந்ததும் சில முகங்கள் சாம்பல் பூத்துவிடும். கழுத்தும் காதும் மாநிறமாக இருக்க, நடுவில் முகம் மட்டும் விபூதி பூசித் துடைத்த மாதிரி. வீட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்திருக்கும். "சீப் ஐட்டம் போட்டிருப்பாங்க" என்று பக்கத்து நாற்காலி முடிவுகட்டும். விலைக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பாட்டிலிலும் இதே சாம்பல் வரும்.

முகத்தின் நிறத்தைச் சமன்செய்ய அடியில் போடும் பூச்சுதான் பேஸ். அழுத்திய பொடியான காம்பாக்ட், கருமையான இடங்களை மட்டும் மறைக்கும் கன்சீலர், முகம் முழுக்கப் பூசும் ஃபவுண்டேஷன் என எதை எடுத்தாலும் அதன் நிறம் பெரும்பாலும் நான்கு பொடிகளின் கலவை. வெள்ளைக்கு டைட்டானியம் டையாக்சைடு. மஞ்சள், சிவப்பு, கருப்புக்கு இரும்பு ஆக்சைடுகள். ஷேட் வெளுக்க வெளுக்க வெள்ளைப் பொடியின் பங்கு ஏறும். மெலனின் கூடுதலாக உள்ள தோலின் மேல் அந்த வெள்ளை மெல்லிய படலமாக உட்கார்ந்தால் அடியிலிருக்கும் பழுப்போடு சேர்ந்து சாம்பலாகத் தெரியும். "கொஞ்சம் ப்ரைட்டா இருக்கட்டுமே" என்று ஒரு ஷேட் ஏற்றி வாங்கும்போது நாம் காசு கொடுத்து வாங்குவது அந்த வெள்ளையைத்தான்.

இன்னொரு காரணம், மாநிற முகம் ஒரே நிறமாக இருப்பது அபூர்வம் என்பது. கன்னம் ஒரு நிறம். நெற்றியும் தாடையோரமும் அதைவிட ஒரு படி ஆழம். வாயைச் சுற்றியும் கண்ணுக்குக் கீழும் இன்னொரு படி. மூன்று நிறத்தின் மேல் ஒரே நிறத்தை இழுத்துவிட்டால் ஒன்றுக்குப் பொருந்தும், இரண்டுக்குப் பொருந்தாது. அதனால் எந்த பேஸ் வாங்கலாம் என்ற கேள்வியை இந்த மூன்று நிறத்தை எது சமாளிக்கும் என்று மாற்றிக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

முதலில் உங்கள் நிறம்

நம் ஊரில் நிறத்தைச் சொல்ல நான்கைந்து சொல் வைத்திருக்கிறோம்: சிவப்பு, புதுநிறம், மாநிறம், கருப்பு. கல்யாண விளம்பரத்தில் கோதுமை நிறம். இவை எல்லாமே எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு ஆழம் என்ற கணக்கு மட்டும்தான். கடைக்காரர் அண்டர்டோன் என்று கேட்பது வேறு, அது தோலின் அடிச்சாயல். அதே ஆழத்தில் ஒருவருக்கு மஞ்சள் சாயல் இருக்கும், ஒருவருக்குச் செம்மண் சாயல், இன்னொருவருக்குப் பச்சை கலந்த ஆலிவ் சாயல். நம்மில் ஆலிவ் சாயல் உள்ளவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் வார்ம், கோல்டன் என்று எழுதிய ஷேடைக் கொடுத்தால் முகம் ஆரஞ்சாகும். பிங்க் சாயலைக் கொடுத்தால் சாம்பலாகும். மஞ்சள், பிங்க் எந்தப் பக்கமும் சாயாத, நியூட்ரல் என்று குறித்த ஷேடிலிருந்து தேட ஆரம்பிப்பது இவர்களுக்கு நல்லது.

மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கும் சோதனையை விட்டுவிடலாம். மாநிறத்தில் பெரும்பாலும் பச்சையாகத்தான் தெரியும், ஆழ்ந்த நிறத்தில் நரம்பே தெரியாது. நேரடியாகப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. மஞ்சள் பூசிக் குளிக்கும் பழக்கம் இருந்தால் ஷேட் பார்ப்பதற்கு முன் இரண்டு மூன்று நாள் நிறுத்திவிடுங்கள். மஞ்சள் ஏறிய தோலுக்கு எல்லா ஷேடும் வார்மாகத்தான் பொருந்தும். நிறுத்திய பிறகு பாட்டில் வேறு கதை சொல்லும்.

கடையில் செய்ய வேண்டியது இது. வழக்கமாகப் போடும் சன்ஸ்கிரீனைப் போட்டுக்கொண்டு போங்கள். புறங்கையில் தடவிப் பார்க்கச் சொல்வார்கள், வேண்டாம். கையின் வெயில் கணக்கு வேறு. காதுக்குக் கீழே தாடை எலும்பில் தொடங்கிக் கழுத்துக்கு இறங்கும்படி மூன்று கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலம் இடைவெளியில். நடுவில் உங்களுக்குச் சரி என்று தோன்றும் ஷேட், ஒரு பக்கம் அதே ஆழத்தில் மஞ்சள் சாயல், மறுபக்கம் ஒரு படி ஆழமான ஷேட். தேய்த்துக் கலைக்காமல் லேசாகத் தட்டிவிட்டு 15 முதல் 20 நிமிடம் வேறு வேலை பாருங்கள். பிறகு கடையின் வெள்ளை விளக்கிலிருந்து வெளியே வந்து, நிழலான பகல் வெளிச்சத்தில் நின்று போனின் பின்பக்கக் கேமராவில் ஒரு படம் எடுங்கள். செல்ஃபி கேமரா தானாகவே முகத்தை வெளுக்க வைக்கும், நம்பக் கூடாது. தேடிப் பார்த்தும் கண்ணுக்கு அகப்படாத கோடுதான் உங்கள் ஷேட்.

அந்த 20 நிமிடம் ஏன்? திரவ பேஸ் காயும்போது ஆவியாகும் பொருள்கள் போய்விடும், தோலின் எண்ணெய் பொடியில் ஊறும், நிறம் அரை ஷேடிலிருந்து ஒரு ஷேட் வரை ஆழமாகலாம். இதைத்தான் ஆக்சிடைஸ் ஆகிவிட்டது என்கிறார்கள். இரும்பு ஆக்சைடு ஏற்கனவே ஆக்சைடுதான், பெயர் அப்படி நிலைத்துவிட்டது. ஈரத் துணி உலர்ந்த துணியைவிட ஆழமாகத் தெரிவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஷேட் எண்களை நிறுவனம் விட்டு நிறுவனம் ஒப்பிடாதீர்கள். மேபலின் ஃபிட் மீயில் 230, 310, 330 என்று எண் ஏற ஏற நிறம் ஆழமாகும். இன்னொரு நிறுவனத்தின் 310 முற்றிலும் வேறாக இருக்கும். மேக் நிறுவனத்தின் எழுத்துகள் இன்னும் குழப்பும். என்சி வரிசையில் சி என்பது கூலை, அதாவது பிங்க் பக்கச் சாயலைக் குறித்தாலும் பாட்டிலுக்குள் இருப்பது மஞ்சள்-பொன் சாயல். என்டபிள்யூ வரிசைதான் இளஞ்சிவப்பு. 2017-இல் ஃபென்டி பியூட்டி 40 ஷேடோடு வந்த பிறகு மற்றவர்களும் ஆழ்ந்த ஷேடுகளைக் கூட்டினார்கள். ஆனாலும் தெருமுனை ஃபேன்சி ஸ்டோருக்கு வருவது அந்த வரிசையின் முதல் மூன்று நான்கு வெளுத்த ஷேடுகள்தான். "இதுதான் மேடம் ரன்னிங் ஷேட்" என்று நீட்டுவதை வாங்காமல் வருவதற்குக் கொஞ்சம் மனத்திடம் வேண்டும்.

காம்பாக்ட்

டால்கம் பவுடர் போட்டுப் பழகிய கைக்கு அடுத்த படி இதுதான். எளிது, இரண்டு நிமிடம், பையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் தனி பேஸாக இதை எடுத்துக்கொண்டால் மாநிறத்துக்கு நான்கில் இதுதான் கடைசி. கருவளையத்தையும் வாயோரக் கருமையையும் மறைக்கும் அளவுக்குப் பொடிக்குப் பிடிப்பு கிடையாது. மறைக்க வேண்டி மேலும் மேலும் அடிக்க, அந்த இடங்கள் மட்டும் மாவு பூசியதாகத் தெரியும். வெயிலில் வியர்த்தால் பொடி வியர்வைத் தடத்தில் திட்டுத்திட்டாகத் திரளும்.

எண்ணெய் வழியும் சருமம், முகம் கிட்டத்தட்ட ஒரே நிறம், அலுவலகத்துக்குப் போனால் போதும் என்பவர்களுக்குப் போதுமானது. அவர்களும் ஒன்று கவனிக்க வேண்டும். முகத்தில் எண்ணெய் இருக்கும்போது பொடி ஆழமாகவும், உலர்ந்த இடத்தில் வெளுத்தும் தெரியும். அதனால் முதலில் டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்துவிட்டு, பஃபை மடித்து நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் அழுத்தி எடுங்கள். இழுத்துத் தேய்த்தால் அடியிலிருக்கும் சன்ஸ்கிரீன் உருண்டு வரும். சில வாரம் கழித்து காம்பாக்டின் மேல்பரப்பு கண்ணாடி போல இறுகிப் பொடியே ஒட்டாமல் போனால் அது கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பஃப் வழியாக முகத்து எண்ணெய் ஏறியிருக்கிறது. செல்லோ டேப்பை ஒட்டி உரித்தால் அந்த மேலடுக்கு வந்துவிடும். பஃபை வாரம் ஒருமுறை சோப்பு போட்டுத் துவைத்தால் இந்த வேலையே இல்லை.

பிபி க்ரீம், ஸ்கின் டின்ட்

சொல்லும்போது நன்றாக இருக்கும்: மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், நிறம் மூன்றும் ஒன்றில். சிக்கல் ஷேட் வரிசையில். பல பிபி க்ரீம்கள் இரண்டு முதல் நான்கு ஷேடில்தான் வரும். கொரிய பிபி க்ரீம்களில் அதிகம் கிடைப்பது 21, 23 என்ற ஷேடுகள். அந்த 23 கூட மாநிறத்துக்கு வெளுப்பு. மெல்லிய பூச்சுதானே, ஷேட் கொஞ்சம் தப்பினாலும் தெரியாது என்று நினைப்பதுதான் தவறு. மெல்லிய வெள்ளைப் படலம்தான் சாம்பலை வெகு சுலபமாகக் காட்டும்.

உங்கள் ஷேட் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், அன்றாடத்துக்கு இதைவிட இலகுவானது இல்லை. கிடைக்காவிட்டால் வீட்டிலேயே கலக்கலாம். சரியான ஷேட் ஃபவுண்டேஷன் ஒரு பங்கு, மாய்ஸ்சரைசர் இரண்டு பங்கு, உள்ளங்கையில் கலந்து விரலால் பூசுவது. இரண்டுமே தண்ணீர் சார்ந்தவையாகவோ இரண்டுமே சிலிகான் சார்ந்தவையாகவோ இருக்க வேண்டும். பாட்டிலின் பின்னால் முதல் நான்கைந்து பொருள்களில் டைமெத்திகோன், சைக்ளோபென்டாசிலோக்சேன் போன்ற பெயர்கள் முன்வரிசையில் இருந்தால் சிலிகான். மாற்றிக் கலந்தால் பால் திரிந்தது போலப் பிரிந்து, பூசும்போது அழுக்கு உருட்டுவது போல உருளும். சன்ஸ்கிரீனோடு மட்டும் எதையும் கலக்காதீர்கள். அதன் படலம் உடைந்தால், வெயில் பாதுகாப்பைச் சொல்லும் எஸ்பிஎஃப் எண்ணுக்கு மதிப்பில்லை.

கரெக்டரும் கன்சீலரும், தேவையான இடத்தில் மட்டும்

மாநிறத்துக்கு அன்றாட பேஸ் என்று கேட்டால் எங்கள் பதில் இதுதான். கன்னத்துத் தோல் நன்றாகத்தானே இருக்கிறது, அதை ஏன் மூட வேண்டும்? ஆழமான இடங்களை மட்டும் கன்னத்தின் நிறத்துக்குக் கொண்டுவந்தால் முகம் முழுதும் சமமாகத் தெரியும். பூசியதும் தெரியாது.

இங்கே எல்லோரும் தவறுவது, எதிர் நிறத்தால் கருமையை அடக்கும் கரெக்டரை விட்டுவிட்டு நேராக கன்சீலருக்குப் போவதில். கண்ணுக்குக் கீழே உள்ள கருமை வெறும் கருப்பு இல்லை, நீலமும் பழுப்பும் ஊதாவும் கலந்தது. அதன் மேல் தோல் நிறக் கன்சீலரைப் போட்டால் இரண்டும் கலந்து சிமென்ட் நிறம் வரும். நீலத்தை அடக்க ஆரஞ்சு வேண்டும். புதுநிறத்துக்குப் பீச், மாநிறத்துக்கு ஆரஞ்சு, ஆழ்ந்த நிறத்துக்குச் செங்கல் சாயல் ஏறிய ஆரஞ்சு. ஆரஞ்சு லிப்ஸ்டிக்கை வைத்துச் சமாளிக்கும் வீடியோக்கள் நிறைய உண்டு. வேண்டாம், உதட்டுக்கு அனுமதிக்கப்படும் எல்லாச் சாயமும் கண்ணருகே அனுமதிக்கப்படுவதில்லை. தவிர மேட் லிப்ஸ்டிக் காய்ந்து கண்ணுக்குக் கீழே வெடித்து நிற்கும்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. ஜன்னலைப் பார்த்து நின்று, கையில் கண்ணாடியோடு முகத்தை மெல்ல மேலே தூக்குங்கள். வெளிச்சம் நேராக விழும்போது கருவளையம் மறைந்துவிட்டால் அது குழியின் நிழல். மறையாமல் அப்படியே இருந்தால் தோலின் நிறம். நிழலுக்கு ஆரஞ்சு உதவாது. அந்தக் குழியின் கோட்டில் மட்டும் அரை ஷேட் வெளுத்த கன்சீலரை முடி அகலத்துக்கு வைத்துத் தட்டினால் போதும். நிறம்தான் என்றால் கீழே சொல்லும் முறை.

மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் போட்டுப் பத்து நிமிடம் கழியட்டும். ஒரு கண்ணுக்கு ஓர் அரிசி மணி அளவு கரெக்டர், அதற்கு மேல் வேண்டாம். கருமையான வளைவில் மட்டும், மூக்கை ஒட்டிய உள்மூலையிலிருந்து ஆரம்பித்து மோதிர விரலால் தட்டித் தட்டிப் பரப்புங்கள். இமை முடியை ஒட்டிய உப்பலின் மேல் ஏற்ற வேண்டாம், வீக்கம் கூடுதலாகத் தெரியும். இப்போது அந்த இடம் ஆரஞ்சாகத் தெரியக் கூடாது, கருமை தணிந்து பழுப்பாக மாறியிருக்க வேண்டும். ஆரஞ்சாகவே தெரிந்தால் கூடிவிட்டது. அதன் மேல் கன்சீலரை அப்பிச் சரிசெய்யப் பார்க்காமல் உலர்ந்த ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்துவிடுங்கள். ஒரு நிமிடம் விட்டு, கன்னத்தின் நிறத்திலேயே உள்ள கன்சீலர் அரை அரிசி மணி. இரண்டு ஷேட் வெளுத்ததை வாங்கச் சொல்லும் பழக்கம் வெளுத்த தோல்காரர்களிடமிருந்து வந்தது. நம் முகத்தில் அது குளிர்க் கண்ணாடி போட்டு வெயிலில் அலைந்த தடம் மாதிரி இருக்கும். விளிம்பை மட்டும் தட்டிக் கலைத்து, நடுவைத் தொடாமல் விடுங்கள். நடுவைத் தொட்டால் அடியிலிருக்கும் ஆரஞ்சு மேலே வரும்.

வாயோரத்துக்கும் இதே முறைதான். அங்கே தோல் ஓயாமல் அசைவதால் இன்னும் மெல்லிய பூச்சு. மீசை இடத்துக்கும் உதட்டு மூலைகளுக்கும் சேர்த்து ஓர் அரிசி மணி போதும். பருத் தழும்பு பழுப்பாக இருந்தால் கரெக்டர் வேண்டியதில்லை. சிறிய பிரஷ் நுனியால் கன்சீலரைப் புள்ளியாக வைத்து, அரை நிமிடம் காயவிட்டு, ஓரத்தை மட்டும் தட்டினால் மறைந்துவிடும்.

கடைசியாகப் பொடி. வெள்ளையான ட்ரான்ஸ்லூசன்ட் பவுடர் என்றால் பெயர்தான் நிறமற்றது. மஞ்சள் சாயலுள்ள பனானா பவுடர் புதுநிறம், மாநிறத்துக்குச் சரி. ஆழ்ந்த நிறத்துக்குப் பீச் அல்லது தேன் நிறப் பொடி. கன்சீலர் போட்ட இடத்தில் மட்டும், பிரஷைத் தட்டிவிட்டு, ஒரு முறை. பழகிய பிறகு எல்லாம் சேர்த்து ஆறேழு நிமிட வேலை.

மங்கு, அதாவது முகத்தில் படரும் பழுப்புத் திட்டு உள்ளவர்களுக்கு இந்த வழி ஒத்துவருமா என்றால் பாதிதான். கன்னம் முழுக்கப் பரவிய மங்கைப் புள்ளி புள்ளியாக மறைக்க முடியாது. அவர்களுக்கு இன்னொரு விஷயம் உதவும். மாநிறத் தோலில் புற ஊதாக் கதிர் மட்டுமல்லாமல் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கருமையைக் கூட்டும். நிறமில்லாத சன்ஸ்கிரீன் அதைப் பெரிதாகத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த டின்டட் சன்ஸ்கிரீன் தடுக்கும். உங்கள் நிறத்துக்குப் பொருந்தும் டின்ட் கிடைத்தால் அதுவே பேஸ், அதுவே மருந்துக்குத் துணை. நடுவிரல், ஆள்காட்டி விரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். அழகுக்காகக் கொஞ்சமாகத் தடவினால் பாதுகாப்பும் கொஞ்சம்தான். கழுத்திலும் நெற்றியோரத்திலும் கருமை வெல்வெட் மாதிரித் தடித்திருந்தால் மட்டும் கன்சீலரைத் தேடாமல் மருத்துவரைப் பாருங்கள். அது பெரும்பாலும் இன்சுலின் தொடர்பான விஷயம், தேய்த்தால் போகாது.

ஃபவுண்டேஷன்

விசேஷம், மேடை, கேமரா என்று வந்தால் இதுதான். அன்றாடத்துக்கு இதை வேண்டாம் என்று சொல்ல ஒரே காரணம் நம் ஊர் வெயில். மே மாதம் பஸ்ஸில் போய் இறங்கும்போது மீதியிருப்பது மூக்கோரத்தில் மட்டும்தான்.

ஷேட் எதை வைத்து எடுப்பது என்பதில் ஒரு சண்டை உண்டு. முகத்தை வைத்தா, கழுத்தை வைத்தா? முகம் வெயிலில் கறுத்து, கழுத்தும் மார்பும் வெளுத்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் எடுங்கள். கழுத்து முகத்தைவிட ஆழமாக இருந்தால், நம்மிடையே இதுவும் நிறைய, கழுத்தை நோக்கி எடுங்கள். முகத்தை ஆழமாக்குவதற்குத் தயங்கி வெளுத்ததை எடுப்பவர்கள்தான் மேடையில் முகமூடியோடு நிற்பது. முடிந்தால் இரண்டு ஷேட். கன்னத்து நிறம் நடு முகத்துக்கு, ஒன்றரை இரண்டு படி ஆழமானது நெற்றியோரம், கன்னப் பக்கவாட்டு, தாடைக்குக் கீழ். இரண்டாவது பாட்டில் வாங்க மனமில்லையென்றால் சிவப்பும் சாம்பலும் கலக்காத, பழுப்பான ப்ரான்சர் (முகத்தின் ஓரங்களை ஆழமாக்கும் பூச்சு) அந்த வேலையைச் செய்யும்.

அளவு: ஒரு முறை அழுத்தினால் வருவதைப் புறங்கையில் எடுத்துக்கொள்ளுங்கள், முகத்தில் நேராகப் பொட்டு வைக்காதீர்கள். ஸ்பாஞ்சை நனைத்து, துண்டில் சுற்றி, சொட்டு வராத அளவுக்குப் பிழிந்து, மூக்கின் இருபுறத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டிக்கொண்டே போங்கள். ஓரத்துக்கு வரும்போது ஸ்பாஞ்சில் மீதியிருப்பதே போதும். காதும், தாடைக்குக் கீழும், ரவிக்கைக் கழுத்து வரைக்கும் அந்த மீதி போகட்டும். மறைக்காத இடம் இருந்தால் அங்கே மட்டும் இன்னொரு அரை அழுத்து. கருவளையத்துக்குக் கரெக்டர் இங்கேயும் வேண்டும், ஃபவுண்டேஷனுக்கு அடியில். எவ்வளவு விலையுயர்ந்த ஃபவுண்டேஷனும் அந்த நீலத்தின் மேல் சிமென்ட்தான்.

தவறு நடந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க நிறமே போதும். போட்ட உடனேயே சாம்பல் என்றால் ஷேட் வெளுப்பு அல்லது பிங்க் சாயல். பொடி போட்ட பிறகு சாம்பல் என்றால் பொடி. வீட்டில் சரி, போட்டோவில் மட்டும் வெள்ளை என்றால் பொடியிலிருக்கும் சிலிக்கா, அல்லது சன்ஸ்கிரீனின் ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியமும் ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கின்றன. ஒரு மணி நேரத்தில் ஆரஞ்சு என்றால் எண்ணெய் ஊறியிருக்கிறது. அடுத்த முறை அரை ஷேட் வெளுத்ததை எடுக்காமல் அதே ஆழத்தில் நியூட்ரலை எடுத்துப் பாருங்கள், ஃபவுண்டேஷனுக்கு முன் பூசும், எண்ணெய் உறிஞ்சும் ப்ரைமரும் சேர்த்து. ஏற்கனவே வாங்கிவிட்ட பாட்டில் ஆரஞ்சாக அடித்தால் வீசிவிட வேண்டாம். ஃபவுண்டேஷனில் கலக்கும் நீல நிற மிக்ஸர் கிடைக்கிறது, ஓர் அழுத்துக்கு ஊசி முனை அளவு. கூடினால் முகம் பச்சையாகும், அதற்கு மருந்தில்லை.

வியர்வைக்கு ஒரே விதி: ஒற்றலாம், துடைக்கக் கூடாது. டிஷ்யூவை விரித்து முகத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி எடுத்த பிறகே டச்சப். வியர்வையின் மேல் பொடி விழுந்தால் களிமண். இரவில் கலைக்க நம் வீடுகளில் தேங்காய் எண்ணெயை எடுப்பார்கள். கலைக்கும், உண்மைதான். பரு வரும் முகத்தில் அது துளைகளை அடைக்கவும் செய்யும். மைசெல்லார் வாட்டர் அல்லது க்ளென்சிங் பாம், பிறகு ஃபேஸ் வாஷ்.

வாங்கும் அளவையும் யோசியுங்கள். சாதாரண பாட்டில் 30 மில்லி. ஒரு முறைக்கு அரை மில்லி என்று வைத்தால் 60 முறை. தினமும் போட்டால் இரண்டு மாதம். வருஷத்துக்குப் பத்து விசேஷம் மட்டும் என்றால் ஐந்து மில்லிதான் செலவாகும்; பாட்டிலின் பின்னால் மூடி திறந்த டப்பா படத்தில் 12எம் என்று இருப்பது திறந்த பிறகு 12 மாதம் என்ற கெடு. மீதி 25 மில்லி குப்பைக்குத்தான். இவர்கள் மினி பாட்டில் வாங்கி, மிச்சக் காசில் ஒரு நல்ல ஆரஞ்சு கரெக்டர் வாங்கலாம்.

மேலே போடும் நிறங்கள், சுருக்கமாக

பேஸ் சரியாக அமைந்தால் மற்றதில் தவறு குறைவு. ப்ளஷ்ஷில் பால் கலந்த பிங்க் வேண்டாம், அதுவும் வெள்ளைப் பொடிதான். செங்கல், ஆழ்ந்த கோரல், ப்ளம், நாவல்பழ நிறங்கள் டப்பாவில் பயமுறுத்தும், கன்னத்தில் அழகாகக் கரையும். நியூட் லிப்ஸ்டிக் என்றால் உங்கள் தோலைவிட ஒரு படி ஆழமான பழுப்பு-ரோஜா. தோலைவிட வெளுத்த நியூட் உதட்டைக் காய்ச்சல்காரர் உதடாக்கும். மேலுதடு கறுத்தும் கீழுதடு வெளுத்தும் இருப்பவர்கள் மேலுதட்டு நிறத்தில் லைனர் வாங்கி, கீழுதட்டையும் அதாலேயே நிரப்பிவிட்டு மேலே லிப்ஸ்டிக் போட்டால் இரண்டும் ஒன்றாகும். கண் மை வழிந்தால் மையைத் திட்டுவதற்கு முன் கன்சீலரைப் பாருங்கள். பொடி போடாத கன்சீலரின் எண்ணெய்தான் மையைக் கீழே இழுக்கும்.

கல்யாணத்துக்கு: ஹெச்டியா, ஏர்பிரஷ்ஷா?

பார்லர் பேக்கேஜில் இந்த இரண்டு பெயரும் இரண்டு விலையோடு இருக்கும். ஹெச்டி என்பதற்கு நிர்ணயித்த இலக்கணம் எதுவும் கிடையாது; கேமராவுக்கு ஏற்ற மெல்லிய பொடியும் க்ரீமும் கையால், பிரஷால் போடுவது. ஏர்பிரஷ் என்றால் கம்ப்ரஸரில் இணைத்த சிறு துப்பாக்கியால் சொட்டுச் சொட்டாக ஊற்றிய திரவத்தைப் புகையாக அடிப்பது. பூச்சு மெல்லியது, தோல் சமமாக இருந்தால் பிரமாதமாக இருக்கும். ஆனால் மூன்று நிறம் உள்ள முகத்தில் ஒரே புகையை அடித்தால் மூன்று நிறமும் அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். கீழே கரெக்டரைக் கையால் போட்டுவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அதைச் செய்யாத இடத்தில் கூடுதல் பணம் கருவிக்குத்தான் போகிறது. தாலி கட்டும்போது கண்ணீர் வந்தால் ஏர்பிரஷ் பூச்சில் கோடு விழலாம், அந்தக் கோட்டை மட்டும் சரிசெய்வது கடினம். ஹெச்டியில் தட்டிச் சரிசெய்துவிடலாம். ஹோமப் புகையும் வீடியோ லைட்டின் சூடும் சேர்ந்த காலை முகூர்த்தத்துக்கு, கரெக்டர் தெரிந்த கை போடும் ஹெச்டியையே நாங்கள் தேர்ந்தெடுப்போம். ரிசப்ஷனுக்கு ஏசி மண்டபம், தோலும் ஓரளவு சமம் என்றால் ஏர்பிரஷ்.

மாப்பிள்ளைக்கும் இப்போது பேஸ் போடுகிறார்கள். தாடிக்குள் ஃபவுண்டேஷன் போனால் வெள்ளைத் தூள் தெரியும், அவருக்குக் கண்ணடியில் கரெக்டரும் மூக்கில் கொஞ்சம் பொடியும் போதும்.

ட்ரையலுக்குப் போகும்போது முகூர்த்த ரவிக்கையின் கழுத்து அளவில் ஏதாவது உடுத்திக்கொண்டு போங்கள். "ஷேட் முகத்துக்குப் பார்க்கிறீங்களா, கழுத்துக்குப் பார்க்கிறீங்களா?" என்று கேளுங்கள். "உங்களுக்கு ரெண்டு ஷேட் ஏத்திடலாம்" என்று பதில் வந்தால் வேறு இடம் பார்க்கலாம். போட்டதைக் கலைக்காமல் நான்கு மணி நேரம் வீட்டு வேலையில் இருங்கள், ஒரு வேளை சாப்பிடுங்கள். அதன் பிறகு விளக்கை அணைத்துவிட்டு, கை கூப்பி, கூப்பிய கை முகவாய்க்குக் கீழே வரும்படி நின்று, ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கல்யாண ஆல்பத்தில் பாதிப் படம் இந்த நிலையில்தான் இருக்கப்போகிறது. கையும் முகமும் ஒரே ஆளுடையவை என்று படத்தில் தெரிந்தால் அட்வான்ஸ் கொடுக்கலாம்.